வகுப்பும் குறைவும்: பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களும் தொல்காப்பியப் பாத்திர மரபும்

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என வழங்கும் சொல்லைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் வர்க்கம், வகுப்பு என்னும் இரு சொற்களுக்கு இடையே நிற்க நேர்கிறது. வர்க்கம் என்றால் பொருளாதாரப் பிரிவு முன்னிற்கும். வகுப்பு என்றாலோ பள்ளி அறையும் சமூகப் பிரிவும் ஒருங்கே நினைவுக்கு வரும். 1921இல் நீதிக்கட்சி அரசு பிறப்பித்த வகுப்புவாரி ஆணையில் வகுப்பு என்பது பிறப்பால் அமைந்த சமூகம்; அருணகிரிநாதரின் திருவகுப்பில் அது ஒரு பாடல் வகை. மராத்தியில் இதற்கு நிகரான 'வர்க்' பள்ளி வகுப்பையும் பொருளாதாரப் பிரிவையும் சுட்டும். தமிழில் ஒரே சொல் பயிலும் இடத்தையும் பிறந்த இடத்தையும் தாங்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இடையூறாகத் தோன்றும் இவ்விரட்டுறல், ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

மேலைநாட்டில் 1974இல் அச்சேறிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தில் ஆடுவோர் ஒவ்வொருவரும் முதலில் தேர்ந்துகொள்வது ஒரு வகுப்பையே. போர்வீரர், மந்திரவாதி, குருக்கள், கள்வர் என்பன அவற்றுள் முதன்மையானவை. ஒவ்வொரு வகுப்பிற்கும் தனித்த ஆற்றலும் தனித்த குறைவும் விதிநூலில் வரையறுக்கப்பெற்றுள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா அரை நூற்றாண்டாக ஆடுவோரிடையே ஓயாது எழுந்துவருகிறது. அவ்வினாவைக் கணக்கால் மட்டும் தீர்க்க இயலாது. ஒரு வகுப்பின் குறைவு தொழிலால் வந்ததா, பிறப்பால் வந்ததா என்பதைப் பிரித்தறிந்த பின்னரே ஆற்றல்களை நிறுக்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இதற்கு உரைகல்லாகத் தொல்காப்பியம் காட்டும் பாத்திர மரபு ஒருபுறமும், புனே நகரின் கிழக்கே ஹடப்சர் பகுதியில் உழவர் குடும்பங்கள் தம் நிலத்தை ஒன்றுசேர்த்து எழுப்பிய மகர்பட்டா நகரியம் மறுபுறமும் கொள்ளப்பெறுகின்றன. ஆட்டத்தையும் நகரியத்தையும் ஒருங்கு வைப்பது முதற்பார்வையில் பொருந்தாததாகத் தோன்றலாம். நிலமும் தொழிலும் பிறப்பும் ஒன்றையொன்று எவ்வாறு கட்டுகின்றன, எவ்வாறு அவிழ்க்கின்றன என்பதே இரண்டிலும் பொருளாதலின் அவ்வாறு வைக்கப்பெற்றன.

ஆட்டத்தின் இயல்பு

இவ்வாட்டத்திற்குப் பலகை கட்டாயமன்று. நால்வரோ ஐவரோ மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் கதையை நடத்துவார். ஊர், காடு, குகை, பகைவர் ஆகிய அனைத்தும் அவர் வாய்மொழியில் தோன்றும். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுத் தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். ஐயத்திற்கிடமான செயல்களின் முடிவைப் பகடை உரைக்கும். தெருக்கூத்தின் கட்டியங்காரன் பாத்திரங்களை அறிமுகம் செய்தும் அவர்களோடு உரையாடியும் கதையை நகர்த்துவதை அறிந்தோர்க்கு இவ்வாட்டத்தில் கதை நடத்துவோரின் பணி எளிதில் விளங்கும். கூத்தில் கதையின் முடிவு முன்பே தெரிந்தது. இங்கு அது தெரியாது.

தமிழ்நாட்டு ஆட்டங்களுள் ஆற்றல் வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் அதில் எதிர்நிற்கின்றன. புலி தாவி வெட்டும். ஆட்டிற்கு அவ்வாற்றல் இல்லை. ஆடுகள் சேர்ந்து நின்றால் புலி அசைய இடமின்றி அடைபடும். ஒன்றன் குறைவு கூட்டத்தால் நிரம்புகிறது என்னும் நுட்பம் நம் திண்ணைகளில் நெடுங்காலம் பயின்றுவந்ததே. ஆயினும் ஆடும் புலியும் பகைவர். மேலைநாட்டு ஆட்டத்திலோ ஆற்றலால் வேறுபட்டோர் ஒரே அணியில் உள்ளனர். ஆகவே அங்கு எழும் சிக்கல் பகையை வெல்வது மட்டுமன்று. தோழமைக்குள் ஏற்றத்தாழ்வைத் தாங்குவதும் ஆகும். திறனாய்வுக்கு உரியது இந்த இரண்டாவது சிக்கலே.

நால்வகையினர்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் இயற்றிய 1974ஆம் ஆண்டு விதிநூலில் போர்வீரர், மந்திரவாதி, குருக்கள் என மூன்று வகுப்புகளே இருந்தன. இவற்றின் தோற்றம் போர்க்கள மாதிரி ஆட்டங்களில் உள்ளது. குருக்கள் வகுப்பு, ஆர்ன்சனின் பிளாக்மூர் ஆட்டத்தில் இரத்தக் காட்டேரியாக ஆடிய ஒருவரின் மிகுவலிமையை அடக்கும் பொருட்டுத் தோன்றியது என்பர். ஒருவர் ஆற்றலுக்கு விடையாகவே மற்றொரு வகுப்பு பிறந்தது என்னும் இச்செய்தி கருதத்தக்கது.

போர்வீரருக்கு எல்லாப் படைக்கலமும் எல்லாக் கவசமும் உரியன. மந்திரவாதிக்குக் கவசம் விலக்கு. படைக்கலத்தில் குத்துவாளும் கோலும் போன்ற சிலவே உரியன. 1978ஆம் ஆண்டின் விரித்த விதிநூலின்படி போர்வீரரின் உயிர்ப்புள்ளியைப் பத்து முகப் பகடையும் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளியை நான்கு முகப் பகடையும் முடிவு செய்யும். முதற்படியில் மந்திரவாதி நாளொன்றுக்கு ஒரு மந்திரமே ஏவ இயலும். ஏவிய கணத்தில் அது நினைவை விட்டு அகன்றுவிடும். ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்கப் புனைகதையாசிரியரிடமிருந்து பெற்ற கருத்து இது. உற்ற நேரத்தில் மந்திரம் மறக்குமாறு பரசுராமரால் சபிக்கப்பெற்ற கர்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இவ்விதி புதுமையாகத் தோன்றாது. கர்ணனுக்கு மறதி ஒருமுறை நேர்ந்த சாபம். இம்மந்திரவாதிக்கு அது அன்றாட வாழ்க்கை முறை.

முதற்படியில் இவ்வாறு நலிந்து நிற்பவர் ஐந்தாம் படியை எட்டியதும் நிலை மாறுகிறது. தீயுருண்டை என்னும் மந்திரம் அப்படியில் கைவருகிறது. ஐந்து பகடைகளின் கூட்டுத்தொகை, சராசரியாக 17.5 புள்ளி, அவ்விடத்தில் நிற்போர் அனைவர்மேலும் விழும். அதே படியில் போர்வீரர் ஒரு சுற்றில் நெடுவாளால் ஒருமுறை வெட்டுவார். உடல்வலிமையின் கூட்டு நீங்கலாக அதன் சராசரி 4.5. படி ஏற ஏற இவ்விடைவெளி விரிகிறதேயன்றிச் சுருங்குவதில்லை. போர்வீரரின் வளர்ச்சி ஏணியில் ஏறுவது போன்றது. மந்திரவாதியின் வளர்ச்சியோ விழுது விட்டு ஒரு மரமே தோப்பாகும் ஆலின் வளர்ச்சி.

இதனை வைத்துப் போர்வீரர் வகுப்பு தாழ்ந்தது என முடிவு கட்டுவோர், 1978ஆம் ஆண்டு நூலில் போர்வீரருக்கு உரிய மற்றொரு ஆற்றலை மறந்துவிடுகின்றனர். ஒன்பதாம் படியை எட்டிய போர்வீரர் கோட்டை கட்டி நிலத்தை ஆளலாம். படைவீரர் அவரை நாடி வருவர். அவர் ஆட்சிப்பரப்பில் வாழும் ஒவ்வொருவரிடமிருந்தும் திங்கள்தோறும் ஏழு வெள்ளிக்காசு வருவாய் கிட்டும். அதாவது போர்வீரரின் முதிர்ந்த ஆற்றல் வாளில் இல்லை, நிலத்தில் உள்ளது. குருக்களுக்கும் இத்தகைய உரிமை உண்டு எனினும் போர்வீரருக்கே அது தொழிலின் நிறைவாக அமைகிறது. மேலும் ஒவ்வொரு வகுப்பும் படியேறத் தேவையான அனுபவப் புள்ளிகள் அந்நூலில் வேறுபட்டன. இரண்டாம் படிக்குக் கள்வருக்கு 1,251 புள்ளி போதும், போர்வீரருக்கு 2,001, மந்திரவாதிக்கு 2,501. மிகுந்து வளர்வோர் மெல்ல வளரட்டும் என்பது இதன் உட்கிடை.

2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே புள்ளிப் பட்டியலை வகுத்தது. நிலமும் கோட்டையும் போர்வீரர் வகுப்பின் உரிமையாக இருந்த நிலையும் மாறியது. எளிமை கருதிச் செய்த இம்மாற்றங்களால் போர்வீரரிடமிருந்து இரு ஈடுகள் பறிபோயின. மந்திரவாதியின் ஆல்விழுது மட்டும் எஞ்சியது. அதன்பின் எழுந்த குறைகூறல்களைப் போர்வீரர் வகுப்பின் இயல்பான குறைவாகக் கொள்வது பொருந்தாது. நிலத்தை எடுத்துவிட்டு வாளை மட்டும் எண்ணிய கணக்கு அது. 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு இதற்கு மறுதலையாக எல்லா வகுப்புகளுக்கும் ஒரே வேகத்தில் ஆற்றல்களைப் பகிர்ந்தளித்துச் சமன் செய்தது. சமன் கிட்டியது, எவரை ஏற்றாலும் ஒன்றுபோல் உள்ளது என்னும் மனக்குறையும் உடன் கிட்டியது.

கள்வர் வகுப்பு பற்றித் தனியே கூறவேண்டும். 1975இல் கிரேஹாக் என்னும் துணைநூலில் இது சேர்க்கப்பெற்றது. சுவரேறல், பூட்டுத் திறத்தல், நிழலில் மறைதல் ஆகியன இதன் ஆற்றல்கள். 1978ஆம் ஆண்டு நூலின்படி முதற்படியில் சுவரேறும் வாய்ப்பு நூற்றுக்கு 85. நிழலில் மறையும் வாய்ப்போ நூற்றுக்குப் பத்தே. இவ்வகுப்பு வருமுன் நிழலில் மறைய எவரும் முயலலாம். கதை நடத்துவோர் சூழலை நோக்கி முடிவு சொல்வார். கள்வருக்கு அதனை உரிமையாக எழுதிவைத்த பின், பிறர் மறைய முயன்றால் 'அது உன் வகுப்பின் தொழில் அன்று' என்னும் விடை எழத் தொடங்கியது. ஆற்றலை ஒருவர்க்கு எழுதித் தருவது ஏனையோரிடமிருந்து எடுத்துக்கொள்வதாகவும் முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று ஆட்ட வரலாற்றில் இல்லை. கள்வருக்கோ கிடைத்தது பத்து விழுக்காடு.

வாகையும் வாயிலும்

தொழில்வகையால் மாந்தரைப் பகுத்து அவரவர் சிறப்பைப் பாடும் மரபு தொல்காப்பியப் புறத்திணையியலில் வாகைத் திணையாக அமைந்துள்ளது. வாகையைப் போர்வெற்றியாக மட்டும் தொல்காப்பியர் கொள்ளவில்லை. பார்ப்பனர், அரசர், அறிவர், தாபதர், பொருநர் முதலியோர் தத்தமக்குரிய கூறுபாட்டை மேம்படுத்திப் பிறரினும் விளங்குதலே வாகை. வேள்வியில் விளங்குவதும் போரில் விளங்குவதும் ஒரே திணையில் அடங்குகின்றன. ஆட்ட விதிநூல்கள் நெடுங்காலம் தேடிய சமன்பாட்டிற்கு இது ஒரு விடை: எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்காமல் அவரவர் களத்தில் அவரவர் வெற்றியைக் கொள்ளுதல். ஆனால் இவ்விடையின் மறுபக்கம் மரபியலில் வெளிப்படுகிறது. அங்கு அந்தணர்க்கு இன்ன பொருள்கள், அரசர்க்கு இன்ன பொருள்கள் என உரிமைப் பட்டியல் வகுக்கப்பெறுகிறது. முக்கோலும் கரகமும் ஒருவர்க்கு. குடையும் முரசும் மற்றொருவர்க்கு. குருக்கள் கூர்முனைப் படைக்கலம் ஏந்தலாகாது, மந்திரவாதி கவசம் அணியலாகாது என்னும் ஆட்ட விதிகளை அருகில் வைத்து நோக்கினால் ஒப்புமை வியப்பளிக்கும். இந்நூற்பாக்களை இடைச்செருகல் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். அவ்வாறாயினும் ஒரு காலத்துத் தமிழ்ச் சமூகத்தில் இத்தகைய பட்டியலுக்குத் தேவை இருந்தது என்பதை அவை காட்டத் தவறவில்லை.

இதனினும் நெருங்கிய ஒப்புமை அகத்திணையில் உள்ளது. அகப்பாடல்களில் மாந்தர்க்கு இயற்பெயர் இல்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பாணன் என வகையே பெயராகிறது. எவர் பேசலாம், எவரோடு பேசலாம், எப்பொழுது பேசலாம் என்பனவெல்லாம் வரையறைக்கு உட்பட்டவை. களவில் கூற்று நிகழ்த்துவோர் அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்வர். தலைவியின் தந்தைக்கும் தமையனுக்கும் நேர்க்கூற்று இல்லை; அவர் கூறியதாகப் பிறர் கூறுவர். குடும்பத்தில் மிகுந்த அதிகாரம் உடையோர் பாட்டில் வாய்திறக்க இயலாதோர் ஆகின்றனர். வாழ்க்கையில் ஆற்றல் உடையது எதுவோ அது பாட்டில் குறைவாகிறது. விதியால் வகுக்கப்பெற்ற குறைவு கலைக்கு என்ன செய்யும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு: தந்தை பேசாமையாலேயே தோழி பேசவேண்டியவள் ஆகிறாள்.

கற்பியல் வாயில்கள் எனப் பன்னிருவரைச் சுட்டும். வாயில் என்னும் சொல்லே கருத்தைத் தாங்கி நிற்கிறது. தலைவனுக்கு உள்ள குறை, ஊடிய தலைவியை அவன் நேரே அணுக இயலாமை. அக்குறையே பாணனையும் விறலியையும் பாட்டிற்குள் அழைத்து வருகிறது. பாணனுக்கு இசையாற்றலும் சொல்லாற்றலும் உண்டு. ஆயினும் பரத்தையிற் பிரிவுக்குத் துணைநின்றவன் என்னும் ஐயத்தால் அவன் சொல் தலைவியிடத்து எடுபடுவதில்லை. தோழியே வாயில் நேரவும் மறுக்கவும் வல்லவள். மேலைநாட்டு ஆட்டத்தில் ஓர் அணியின் உயிர்நிலை நால்வரும் ஒருவர் குறையை ஒருவர் நிரப்புவதில் உள்ளது. பூட்டைக் கள்வர் திறக்க, முன்னின்று போர்வீரர் தாங்க, பின்னின்று மந்திரவாதி ஏவ, காயத்தைக் குருக்கள் ஆற்றுவர். குறைவு என்பது இங்கு இழுக்கு அன்று; பிறர் நுழைவதற்குத் திறந்துவைத்த வாயில்.

இந்தப் பாராட்டுடன் நின்றுவிடலாகாது. தோழியின் ஆற்றல்களை எண்ணிப் பார்த்தால் அகப்பாடல்களில் அவளுக்கு நிகர் எவரும் இலர். குறை நயப்பிப்பாள், வரைவு கடாவுவாள், அறத்தொடு நிற்பாள், உடன்போக்குக்கு வழிவகுப்பாள், தலைவனை இடித்துரைப்பாள். ஆயினும் அவளுக்கெனத் தனியே ஒரு களவு இல்லை. தனக்கென ஒரு பிரிவும் இல்லை. பிறர் பிரிவிற்கே அவள் மெலிவாள். ஆட்டத்தில் குருக்கள் வகுப்பின் நிலையும் இத்தன்மையதே. அணி சாகாமல் இருப்பது அவரால். கதை நிகழ்வதோ பிறர் பொருட்டு. குருக்களை எவரும் விரும்பி ஏற்பதில்லை, எவரேனும் ஒருவர் ஏற்றே ஆகவேண்டும் என்பது ஆடுவோரிடையே நெடுநாள் வழங்கிய பேச்சு. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்வகுப்பின் வலிமையை மிகுத்து, மந்திரத்தை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகக் காயம் ஆற்றும் வசதியையும் தந்தது. வலிமை மிகுந்ததால் அது பலரையும் ஈர்த்தது. எனினும் பிறர் காயத்தைப் பார்த்திருக்கும் கடமை நீங்கவில்லை. ஆற்றலும் குறைவும் பற்றிய பட்டியல்கள் எவையும் இவ்வகைக் குறைவைக் கணக்கிடுவதில்லை. விழுக்காட்டில் அடங்காத குறைவு இது: எல்லாம் செய்ய வல்லவர் தமக்கெனக் கதை இல்லாமல் இருத்தல்.

பிறப்பு என்னும் எல்லை

இதுகாறும் கூறிய குறைவுகள் தொழிலைச் சார்ந்தவை. அவற்றைத் தேர்ந்துகொள்பவர் அறிந்தே தேர்கிறார். விதிநூல்களில் மற்றொரு வகைக் குறைவும் இருந்தது. டாம் மால்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலை நூலில் வகுப்புகள் ஏழு. மனிதர்க்கு உரியவை நான்கு. எஞ்சிய மூன்றும் எல்ஃப், குள்ளர், ஹாஃப்லிங் என்னும் இனப்பெயர்களே. மனிதராயின் போர்வீரரோ கள்வரோ ஆகலாம். குள்ளராயின் குள்ளர் என்பதே தொழில். பிறப்பே வகுப்பு. தமிழில் வகுப்பு என்னும் சொல் தாங்கும் இருபொருளும் இந்நூலில் எவ்வித முயற்சியுமின்றி ஒன்றாகிவிட்டன. 1978ஆம் ஆண்டின் விரித்த நூலில் இனமும் வகுப்பும் பிரிந்திருப்பினும், மனிதரல்லாதோர் பல வகுப்புகளில் ஒரு படிக்குமேல் ஏற இயலாதவாறு உச்சவரம்பு இருந்தது. குள்ளர்க்கு மந்திரவாதி வகுப்பு மறுக்கப்பெற்றது. பெண்பாத்திரங்களின் உடல்வலிமைக்கும் வரம்பு வைக்கப்பெற்றது. 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு அதனைக் கைவிட்டது. இனத்தால் அமைந்த உச்சவரம்புகளை 2000ஆம் ஆண்டுப் பதிப்பு நீக்கியது. 2024ஆம் ஆண்டு நூலில் இனம் என்னும் சொல்லே விலக்கப்பெற்று, உயிரினங்களின் வகையைக் குறிக்கும் அறிவியற் சொல் அவ்விடத்தில் வந்தது. உடல், அறிவு முதலியவற்றின் கூடுதல் புள்ளிகள் பிறப்பிலிருந்து நீங்கிப் பின்புலத்தைச் சார்ந்தன.

உச்சவரம்பை ஞாயப்படுத்தியோர் கூறிய காரணம் சமன்பாடு: பிற இனத்தார்க்குச் சிறப்பாற்றல்கள் உண்டு, ஆகவே வரம்பும் வேண்டும் என்பது. கணக்களவில் இது பிழையன்று. ஆனால் மந்திரவாதி கவசம் அணியாமை அவர் கல்விக்கு ஈடு எனலாம். குள்ளர் மந்திரம் கல்லாமை எதற்கு ஈடு? தொழில்வழிக் குறைவு வாயிலாக அமைந்து பிறரை அழைக்கிறது. பிறப்புவழிக் குறைவோ சுவராக நிற்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியமையே தொடக்கக் கால விதிநூல்களின் பெருங்குறை எனலாம்.

இவ்வகை ஆட்டங்களுள் தென்னாசியத் தொடர்புடையது 1975இல் வெளிவந்த 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்'. அதன் ஆசிரியர் எம். ஏ. ஆர். பார்க்கர், உருது முதலிய தென்னாசிய மொழிகளை ஆய்ந்த மொழியியலாளர். அவர் படைத்த டேக்குமேல் உலகில் குலம் ஒருவரின் மதிப்பை முடிவு செய்கிறது. வகுப்பு தனியே நிற்கிறது. ஆடுவோரின் பாத்திரங்களோ குலமற்ற வந்தேறிகளாய்த் துறைமுக நகரின் அயலார் சேரியில் வந்திறங்குவர். குலத்தையும் தொழிலையும் பிரித்து நோக்கிய நுட்பம் பாராட்டத்தக்கது. அவரே புனைபெயரில் நாசிசச் சார்பான புதினமொன்றை எழுதியவர் என்பது அவர் மறைவுக்குப் பின் 2022இல் உறுதியானது. அதனை அறிந்தபின் அவர் உலகின் குலப்படிநிலைகளை முன்புபோல் ஐயமின்றிப் படிக்க இயலாது.

மகர்பட்டா

பிறப்பும் நிலமும் தொழிலும் பிணைந்த பிணைப்பை ஒருமுறை அவிழ்த்துக் காட்டிய நிகழ்ச்சியாக மகர்பட்டாவைக் கருதலாம். புனே நகரம் கிழக்கே விரிந்தபோது ஹடப்சரின் விளைநிலங்கள் விற்பனைக்கோ கையகப்படுத்தலுக்கோ உள்ளாகும் நிலை உருவானது. சதீஷ் மகர் முன்னின்று, ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள் 400 ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தை ஒன்றுசேர்த்து ஒரு நிறுவனத்தை அமைத்தன. நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குகள் பகிரப்பெற்றன. 2000 அளவில் கட்டுமானம் தொடங்கியது. குடியிருப்புகளும் சைபர்சிட்டி என்னும் மென்பொருள் அலுவலக வளாகமும் எழுந்தன. உழவர் குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர் கட்டுமான ஒப்பந்தங்களையும் பணி வழங்கலையும் ஏற்றுத் தொழில்முனைவோர் ஆயினர்.

ஆட்டத்தின் மொழியில் இது வகுப்பு மாற்றம். அதற்கு விதிநூல்களில் இரு முறைகள் உண்டு. 1978ஆம் ஆண்டு நூலில் மனிதர் தம் பழைய வகுப்பை விட்டுப் புதியதொன்றில் முதற்படியிலிருந்து தொடங்கவேண்டும். புதிய வகுப்பின் படி பழையதை விஞ்சும்வரை பழைய ஆற்றலைப் பயன்படுத்தினால் அம்முயற்சியில் ஈட்டிய அனுபவப் புள்ளி பறிபோகும். கற்றதை மறந்தவர்போல் நடிக்கவேண்டிய காலம் அது. 2000ஆம் ஆண்டு நூலிலோ பழைய படிகளின்மேல் புதிய வகுப்பின் படியைச் சேர்த்துக்கொண்டே செல்லலாம்; எதுவும் இழப்பதில்லை. நிலத்தை விற்றுப் பணத்துடன் வெளியேறிய உழவர் முதல் முறைக்கு ஆட்பட்டவர். உழவுத்திறன் அவரிடம் இருக்கும்; பயன்படுத்த இடமிராது. மகர்பட்டாவின் குடும்பங்கள் நிலத்தைப் பங்காக மாற்றிக்கொண்டமையால் இரண்டாம் முறையை நெருங்கின. போர்வீரருக்கு 1978இல் நிலம் தந்த ஆற்றலும், 2000இல் அது நீங்கியதும் முன்னர்க் கூறப்பெற்றன. மகர்பட்டாவில் நிலம் நீங்கவில்லை, வடிவம் மாறியது. இத்திட்டத்தின் வலிமை இதுவே எனலாம்.

இதன் குறைவும் அதே கணக்கில் உள்ளது. நிலத்தின் அளவே பங்கின் அளவாதலின், முன்பு மிகுதியாக உடையோர் பின்பும் மிகுதியாகவே உடையோர் ஆயினர். பெரும்பகுதி நிலம் மகர் குடும்பத்தாருடையது. அந்நிலங்களில் கூலிக்கு உழைத்தோர்க்கு நிலம் இல்லை. ஆகவே பங்கும் இல்லை. வகுப்பு மாறும் உரிமை வகுப்பு உடையோர்க்கே கிட்டியது. இதனைத் திட்டம் வகுத்தோரின் கொடுமை எனக் கூறுவது ஞாயமாகாது. கையகப்படுத்தலை எதிர்நோக்கிய சிறு உழவரைக் காத்த அரிய முயற்சி அது. அளவுகோல் நிலமாக இருக்கையில் நிலமற்றோர் அளவைக்கு வெளியே நிற்கின்றனர் என்பதே ஈண்டுச் சுட்டப்பெறுவது.

ஆடாதோர்

ஆட்ட விதிநூலிலும் இவ்வாறு வெளியே நிற்போர் உளர். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் கதை நடத்துவோர்க்கான நூல், ஆடுவோர் ஏற்காத பாத்திரங்களுக்கென ஐந்து தனி வகுப்புகளை வகுத்தது. அவற்றுள் கடைப்பட்டது பொதுமக்கள் என்னும் வகுப்பு. நான்கு முகப் பகடை உயிர்ப்புள்ளி. எளிய படைக்கலத்துள் ஒன்றே ஒன்று. கவசப் பயிற்சி இல்லை. சிறப்பாற்றல் எதுவும் இல்லை. முதற்படி மந்திரவாதியின் நலிவெல்லாம் இவர்க்கும் உண்டு. ஐந்தாம் படியின் தீயுருண்டை மட்டும் இல்லை. வகுப்புகளின் வலிமை மெலிவு பற்றி எழுந்த வழக்காடல்களில் இவ்வகுப்பு இடம்பெறுவது அரிது. போர்வீரர் தாழ்வா, மந்திரவாதி உயர்வா என்னும் வழக்கு அவைக்குள் நுழைந்தோரிடையே நிகழ்வது.

தொல்காப்பிய அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் நடுவண் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியோராக வைப்பதாக உரையாசிரியர் கொள்வர். பிறர் ஏவலின்கீழ் உழைப்போர்க்கு அறமும் பொருளும் இன்பமும் தவறாது ஒழுகுதல் இயலாது என்பது இளம்பூரணர் காட்டும் காரணங்களுள் ஒன்று. இக்காரணம் அவர்தம் இயல்பைப் பழிக்கவில்லை. அவர்க்கு ஓய்வு இல்லை, தம் காலத்தின்மேல் உரிமை இல்லை என்கிறது. குறைவு அவர்பால் இல்லை, அவரை ஏவுவோர்பால் உள்ளது என்பதை உரையாசிரியர் தம்மையறியாமலே ஒப்புக்கொள்வதாகவும் இதனைப் படிக்கலாம். அவ்வாறு படித்தால் தோழியின் நிலையும் வேறாகத் தோன்றும். கூற்று உரிமை பெற்றும் களவு பெறாதவள் அவள். அடியோரோ களவு பெற்றாலும் ஐந்திணையாகப் பெறாதோர்.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் பொதுமக்கள் வகுப்பு இல்லை; சராசரி நான்கு உயிர்ப்புள்ளியும் ஒரு தடியும் கொண்ட சிறு குறிப்பாக அது சுருங்கிவிட்டது. ஆடுவோர் தம் பாத்திரம் முன்பு என்ன தொழில் செய்தது எனத் தேர்ந்துகொள்ளும் பின்புலம் என்னும் பகுதி விரிவடைந்தது. 2024ஆம் ஆண்டு நூலின் பின்புலங்களுள் உழவரும் ஒருவர். அவருக்கு மிகுந்த உடலுரமும், விலங்குகளைக் கையாளும் திறனும், இயற்கை பற்றிய அறிவும் உண்டு. உடைமைகளாக அரிவாள், தச்சுக் கருவிகள், மருத்துவப் பை, இரும்புப் பானை, மண்வாரி, பயண உடை, 30 பொற்காசு ஆகியன தரப்பெறுகின்றன. நிலம் அப்பட்டியலில் இல்லை.